11 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கூரை

மேலே போகப் போகக் குளிரும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. இந்தச் சரிவு விண்வெளி வரை அப்படியே நீளும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் பலரும் நம்பினார்கள். நேரில் போய்ப் பார்ப்பதோ உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1862 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் கிளெய்ஷரும் ஹென்றி காக்ஸ்வெல்லும் பலூனில் ஏறினார்கள். எவரெஸ்ட் உயரத்தை நெருங்கும்போது கிளெய்ஷர் மயங்கிச் சரிந்தார். காக்ஸ்வெல்லுக்குக் கைகள் விறைத்துவிட்டன. வால்வுக் கயிற்றைப் பல்லால் இழுத்து வாயுவை வெளியேற்றித்தான் இருவரும் தரைக்குத் திரும்பினார்கள்.

பிரான்ஸின் லியோன் டெசராங் த போர், கருவிகளை மட்டும் அனுப்பினார். பாரிஸுக்கு அருகே திராப் என்ற ஊரில் அவருடைய ஆய்வகம் இருந்தது. ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் கூடவில்லை என்று வெப்பமானி காட்டியபோது, அவர் முதலில் சந்தேகப்பட்டது வெயிலைத்தான். கருவியில் சூடு ஏறியிருக்குமோ? இரவில் பலூன்களைப் பறக்கவிட்டார். அப்போதும் அதே கணக்கு. 200க்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902 ஏப்ரலில், வாய் திறந்தார். சில நாட்களில் பெர்லினிலிருந்து ரிச்சர்ட் அஸ்மானும் அதையே சொன்னார்.

வளிமண்டலத்தின் கீழடுக்கு முடிந்து மீள் அடுக்கு தொடங்கும் இடம் அது. மீள் அடுக்கில் உள்ள ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சூடாகிறது. அதனால் அங்கே உயரம் கூடக் கூட வெப்பமும் கூடுகிறது. கீழிருந்து எழும் காற்று அதைத் தாண்டி மேலேற முடியாது. இடிமேகத்தின் உச்சி தட்டையாகப் பரவுவது இந்தக் கூரையில் முட்டுவதால்தான். நிலநடுக்கோட்டருகே கூரை 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். துருவங்களில் அதில் பாதிதான்.

பாடநூல் படங்களில் ஐந்து அடுக்குகளும் சரிசமமான பட்டைகளாகத் தெரியும். அந்தப் படம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. காற்றின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் கீழடுக்கிலேயே இருக்கிறது. 50 கிலோமீட்டருக்கு மேல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கடல் இன்னும் நம்மிடம் இருப்பதற்கும் இந்த எல்லை ஒரு காரணம். அங்கே நிலவும் கடுங்குளிரில் நீராவி உறைந்து கீழேயே தங்கிவிடுகிறது. தப்பி மேலே போனால் புற ஊதாக் கதிர் அதை உடைக்கும்; ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடும். வெள்ளிக் கோள் தன் நீரை அப்படித்தான் இழந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கூரைக்கு மேலே மழை கிடையாது, ஆகவே கழுவிவிட ஆளில்லை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை அங்கே வீசிய கந்தக டை ஆக்சைடு நுண்துளிகளாக மாறி, இரண்டு ஆண்டுகள் வரை மிதந்து, உலகின் சராசரி வெப்பத்தை அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது.