மீல் மேக்கரும் பிற சைவ இறைச்சி மாற்றுகளும்: சுவையும் விலையும்

இறைச்சியின் மென்பதத்தையோ சுவையையோ ஒத்திருக்கும்படி தாவரப் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் உணவுகள் சைவ இறைச்சி மாற்றுகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றுள் மிகப் பரவலானது சோயாவிலிருந்து செய்யப்படும் மீல் மேக்கர். புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணம் போன்ற ஊர்களில் சிறிய மளிகைக் கடையிலும் இது கிடைக்கும். புரட்டாசி மாதத்திலும் கார்த்திகை விரத நாள்களிலும் அசைவம் விட்ட வீடுகளில் பிரியாணிக்கும் குருமாவுக்கும் பெரும்பாலும் இதுவே கைகொடுக்கிறது. உறைநிலையில் விற்கப்படும் 'சைவக் கோழி', 'சைவக் கறி' வகைகள் பெருநகரப் பல்பொருள் அங்காடிகளிலும் இணைய விற்பனையிலுமே அதிகம் காணப்படுகின்றன. அவற்றுக்கு உறைபெட்டி வேண்டும்; வழியில் உருகாமல் கொண்டு வரவும் வேண்டும்.

கடையில் வாங்கும் மாற்றுகளில் எது நாக்குக்கு நல்லது, எது கொடுக்கும் காசுக்கு ஈடானது என்பதை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

மீல் மேக்கர் எப்படிச் செய்யப்படுகிறது

சோயா மொச்சையிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சுவது கொழுப்பு நீங்கிய சோயா மாவு. நம் பேச்சில் சொன்னால் ஒரு வகைப் பிண்ணாக்கு. கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்துப் பழகிய ஊர்களில் இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் எண்ணெய் போன பின்பு புரதம் செறிந்து நிற்பது இந்த எச்சத்தில்தான். இந்த மாவுடன் நீர் சேர்த்து, திருகு பொருத்திய இயந்திரத்தில் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசைந்து தள்ளுவர். சிறு துளை வழியே மாவு வெளிவரும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாய்வதால் மாவு பஞ்சுபோல் உப்பி, நார் நாரான அமைப்பைப் பெறுகிறது. பின்பு உலர்த்தி உருண்டையாகவோ துகளாகவோ பொட்டலமிடுகிறார்கள்.

1960களில் அமெரிக்காவில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இம்முறையை வளர்த்தெடுத்தது. இந்தியாவில் சோயா அதிகம் விளையும் மாநிலங்களுள் ஒன்றான மத்தியப் பிரதேசத்தைச் சார்ந்து எண்ணெய் ஆலைகள் பெருகின. உபபொருளாக இந்த உருண்டைகளும் சந்தைக்கு வந்தன. நியூட்ரிலா என்ற பெயரில் இதை விற்ற ருச்சி சோயா நிறுவனம் 2019 இல் பதஞ்சலி குழுமத்திடம் சென்று, 2022 இல் பதஞ்சலி ஃபுட்ஸ் எனப் பெயர் மாறியது. 'மீல் மேக்கர்' என்பது இன்று தமிழில் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. எந்த நிறுவனத்தின் பொட்டலமானாலும் கடையில் அப்படித்தான் கேட்கிறோம். இலங்கைத் தமிழர் இதைச் சோயா மீற் என்பர். அங்கே மசாலாத் தூள் பொட்டலம் உள்ளேயே வைத்து, கோழிச் சுவை, மீன் சுவை எனப் பல வகையாக விற்கிறார்கள்.

52 கிராம் என்ற எண்

மீல் மேக்கர் உறையில் 100 கிராமுக்குச் சுமார் 52 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கும். கோழியின் நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம்தான். இதை வைத்து 'கோழியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் புரதம்' என்று பலர் எழுதுகிறார்கள். எண்கள் சரி, ஒப்பீடு தவறு. ஒன்று உலர்ந்த பொருள். மற்றொன்று முக்கால் பங்கு நீர் கொண்டது. மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்தால் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அப்போது 100 கிராமில் இருப்பது 17 கிராம் புரதம்தான். தட்டில் விழும் அளவைப் பார்த்தால் இது கோழியைவிடச் சற்றுக் குறைவு, பனீருக்குக் கிட்டத்தட்டச் சமம்.

குறைவு என்றாலும் அற்பமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். உலர் மீல் மேக்கர் 50 கிராம் சமைத்தால் அதில் பாதி கிடைத்துவிடுகிறது. கொழுப்பு மிகமிகக் குறைவு. பயறுகளில் பலவற்றைவிடச் சோயாப் புரதத்தின் தரம் உயர்ந்தது. உடலுக்கு வேண்டிய இன்றியமையா அமினோ அமிலங்கள் அனைத்தும் இதில் உள்ளன.

இது வெறும் எண் விளையாட்டல்ல. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்; வாழைப்பழத்திலோ 1 கிராம் அளவே. அதே திட்டத்தின் கலவை சாதப் பட்டியலில் மீல் மேக்கர் காய்கறி சாதமும் இடம்பெற்றிருக்கிறது. சைவக் குழந்தைகளுக்கு அந்த நாள்களில் கிடைக்கும் புரதம் பழம் தரும் புரதத்தைவிடப் பொருட்படுத்தத்தக்கது.

காசுக்கு ஏற்ற புரதம்

பொட்டலத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். 10 கிராம் புரதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே நேர்மையான வழி. கணக்கு எளிது: பொட்டலத்தின் எடையை உறையில் உள்ள புரத அளவால் பெருக்கி 100ஆல் வகுத்தால் மொத்தப் புரதம் கிடைக்கும். விலையை அதால் வகுத்து 10ஆல் பெருக்க வேண்டும்.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள் மட்டுமே. 200 கிராம் மீல் மேக்கர் 50 ரூபாய் என்று வைத்தால் அதில் 104 கிராம் புரதம். 10 கிராமுக்கு 5 ரூபாய்க்குள் அடங்கும். 200 கிராம் பனீர் 100 ரூபாய் என்றால் 36 கிராம் புரதம். 10 கிராமுக்கு 28 ரூபாய். 250 கிராம் உறைந்த சைவக் கோழி 250 ரூபாய், 100 கிராமில் 15 கிராம் புரதம் என்று கொண்டால் 10 கிராமுக்கு 67 ரூபாய். காளான்தான் பலரைத் திகைக்க வைக்கும். அதில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவே புரதம். 200 கிராம் 50 ரூபாய்க்கு வாங்கினாலும் 10 கிராம் புரதத்துக்கு 80 ரூபாய்க்கு மேல் ஆகிறது. காளானைச் சுவைக்காக வாங்கலாம். கறிக்கு ஈடான சத்து என்று எண்ணி வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்புக் கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்றால், 20 விழுக்காடு புரதத்துடன் அதுவும் 10 கிராமுக்கு 5 ரூபாயில் நிற்கிறது. மலிவான புரதம் மட்டுமே வேண்டுமென்றால் சுண்டலே போதும். மீல் மேக்கர் கூடுதலாகத் தருவது மெல்லும் பதத்தைத்தான்.

சுவை

மீல் மேக்கருக்குத் தனிச் சுவை இல்லை. பச்சைச் சோயா வாடை உண்டு. அந்த வாடையை நீக்காமல் சமைப்பதுதான் இதைப் பலர் வெறுக்கக் காரணம். உப்புப் போட்ட கொதிநீரில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, நன்றாகப் பிழிய வேண்டும். பிழிந்த பஞ்சு எதையும் உறிஞ்சும். அதனால் மசாலாவில் அரை மணி நேரம் ஊறிய பின் எண்ணெயில் வதக்கினால் சோம்பும் மிளகும் உள்ளே இறங்குகின்றன. பிழியாமல் குழம்பில் போட்டால் உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கும். பெரிய உருண்டையைவிடச் சிறியது பிரியாணிக்கு ஏற்றது. துகள் வகை கொத்துக்கறி போலவும் கோலா உருண்டையாகவும் நன்றாக அமையும். நீண்ட நேரம் கொதிக்கும் குழம்பில் இது சொதசொதவென்று ஆகிவிடும்.

உறைந்த வகைகள் இந்த இடத்தில் முந்துகின்றன. சோயா, பட்டாணிப் புரதங்களுடன் கோதுமைப் பசைப்புரதம், கொழுப்பு, சுவையூட்டி எல்லாம் சேர்ப்பதால் அவற்றின் கடி இறைச்சிக்கு மிக அருகில் வருகிறது. உதய்ப்பூரின் குட் டாட், புளூ டிரைப் போன்ற இந்திய நிறுவனங்கள் இத்துறையில் உள்ளன. மலேசியத் தமிழரின் சைவ உணவகங்களில் கிடைக்கும் 'சைவ ஆட்டுக்கறி' வறுவல், சீனப் பௌத்தர்களின் கோதுமைப்புரதச் சமையலிலிருந்து கிளைத்த சுவை. சுக்கா, 65 போன்ற வறுத்த பண்டங்களில் இவ்வகை நன்றாக இருக்கும். விலையும் உப்பும் அதற்கேற்ப அதிகம். உறையில் சோடிய அளவைப் பார்த்துவிட்டு, சமைக்கும்போது உப்பைக் குறைப்பது நல்லது.

ஆட்டுக்கறியின் நாரை விரும்புபவருக்குப் பலாமுசுதான் சரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, ஆலங்குடிப் பக்கம் பலா மிகுதி. பருவத்தில் பிஞ்சு எளிதாகக் கிடைக்கும். நன்கு வெந்து மசாலா ஏறிய பலாமுசைக் கறி என்று நம்பி உண்டவர் பலர். ஆனால் புரதம் 100 கிராமுக்கு 2 கிராம் அளவுதான். பாசிப்பயறை அரைத்து அவித்துத் துண்டு போடும் சைவ ஈரல் குழம்பு, வாழைக்காயில் செய்யும் சைவ மீன் குழம்பு ஆகியவை தொழிற்சாலை மாற்றுகள் வருமுன்பே நம் அடுப்பில் இருந்தவை. இவற்றுள் சைவ ஈரலில் புரதமும் நன்றாக இருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மீல் மேக்கரைத் தவிர்க்க வேண்டும். கோதுமைப் பசைப்புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உறைந்த வகைகளின் உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்களில் சோயா அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும்; எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம். சோயா ஆண்களின் ஹார்மோனைக் கெடுக்கும் என்ற பேச்சு விடுதி மாணவர்களிடையே அடிக்கடி கேட்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010 இல் வெளிவந்த ஆய்வு, சோயா உணவால் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை என்றே கண்டது. பி12 உயிர்ச்சத்து இயல்பாக இதில் இல்லை. முழுச் சைவர்கள் அதைப் பாலிலிருந்தோ செறிவூட்டிய உணவிலிருந்தோ பெற வேண்டும்.

சைவ மாற்று என்றவுடன் பாலும் இல்லாதது என்று கருத வேண்டாம். சிலவற்றில் பால் புரதம் சேர்ப்பதுண்டு. இந்தியாவில் பச்சைப் புள்ளிக்குப் பால் தடையில்லை. வெளிநாட்டுச் சரக்கில் முட்டையின் வெள்ளைக்கருவும் இருக்கலாம்.

உதிரியாக வாங்கும் மீல் மேக்கரில் உற்பத்தி நாளும் புரத அளவும் தெரியாது. முகர்ந்து பார்த்துச் சிக்கு வாடை அடித்தால் விட்டுவிடலாம். உலர்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் வைக்கலாம். ஊறவைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். உறைந்த வகை ஒருமுறை உருகிவிட்டால் மீண்டும் உறைய வைக்கக் கூடாது.