தேய்ந்த டயர் காட்டும் கோளாறு



பால் மரத்தின் வெட்டுப் பட்டையைப் பார்த்த மாத்திரத்திலேயே, கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தியதா, பட்டை வீணாகச் சீவப்பட்டதா என்று நம் தோட்டத்துக் கங்காணிகள் சொல்லிவிடுவார்கள். வெட்டியவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. பட்டையே சாட்சி சொல்லும். காரின் டயரும் அப்படித்தான். வண்டியின் அடிப்பாகத்தில் எது வளைந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்பதைத் தான் தேய்ந்த விதத்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். அதைப் படித்தறிவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டப் பாதைகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். செம்மண் சாலை, குறுக்கே வாய்க்கால், செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் உண்டாக்கிய பள்ளம். மழைக்காலத்தில் குழியில் நீர் நிறைந்துவிட்டால் அதன் ஆழம் தெரியாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கியது. இவற்றுக்குப் பிறகு, தோட்டத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்குக் காரில் செல்லும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். காலையில் குழியில் விழுந்த அதே சக்கரம், அரை மணி நேரத்தில் 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் ஓடுகிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

சக்கரம் எப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பழைய சாகா ஆனாலும், கஞ்சில் ஆனாலும், முன் சக்கரத்தை மூன்று உறுப்புகள் பிடித்திருக்கின்றன. கீழே இருப்பது லோவர் ஆர்ம் எனும் இரும்புக் கை. மேலே, அதிர்ச்சியைத் தாங்கும் அப்சார்பர். பக்கத்தில், ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரத்தைத் திருப்பும் டை ராட் எனும் கம்பி. சக்கரம் வேகமாகக் குழியில் மோதும்போது அடியில் ஒரு பங்கை டயரும் ரிம்மும் ஏற்கும். மிச்சம் இந்த மூன்றின் மீதும் விழும். சில மில்லிமீட்டர் வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டயருக்குத் தெரிந்துவிடும்.

சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிபார்ப்பதையே அலைன்மெண்ட் என்கிறோம். இதைப் புரிந்துகொள்ள நம் கால்களையே பாருங்கள். நேராக நில்லுங்கள். இரு பாதங்களின் விரல் நுனிகளையும் உட்பக்கமாகத் திருப்புங்கள். அதுபோல் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பதைப் பட்டறையில் 'டோ' என்பார்கள். இனி, பாதத்தின் ஒரு விளிம்பில் மட்டும் எடையை வைத்துச் சாய்ந்து நில்லுங்கள். அதுபோல் சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்வதுதான் 'கேம்பர்'. கோணலாக நடப்பவரின் செருப்பு ஒரு பக்கம் தேய்வது போலவே டயரும் தேயும்.

சிறு கணக்கு ஒன்று செய்து பார்ப்போம். 13 அங்குல ரிம் கொண்ட காரின் டயர் ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். இரண்டு முன் சக்கரங்களின் டோ அளவும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் பிசகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் தார்ச் சாலை அந்த டயரை 90 மீட்டருக்குமேல் அரம்போல் அராவிவிடுகிறது. தினமும் போய்வந்தால் டயர் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது தேய்மானத்தைப் படிப்போம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இவை இரண்டும் அலைன்மெண்ட் கோளாறு அல்ல. டயரின் குறுக்கே உள்ளங்கையை மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்போலவும் உறுத்தினால் டோ பிசகியிருக்கிறது. இரண்டு முன் டயர்களிலும் உள்விளிம்பு தேய்ந்தால் சக்கரங்கள் வெளிநோக்கி நிற்கின்றன. வெளிவிளிம்பு தேய்ந்தால் உள்நோக்கி நிற்கின்றன. ஒரே ஒரு டயர் ஒரு விளிம்பில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர் மீது சந்தேகம் வரவேண்டும். அந்தப் பக்கம் ஏதோ வளைந்திருக்கலாம். டயரைச் சுற்றிலும் கிண்ணம்போல் அங்கங்கே குழிவு தெரிந்தால் அப்சார்பர் சோர்ந்துவிட்டது, அல்லது சக்கரத்தின் பேலன்சிங் கெட்டிருக்கிறது.

டயரின் பக்கச் சுவரில் கொப்புளம்போல் வீக்கம் தெரிந்தால், அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. உள்ளிருக்கும் நூல் இழைகள் அறுந்துவிட்டன என்பது பொருள். நெடுஞ்சாலையின் வேகத்திலும் சூட்டிலும் அது வெடிக்கக்கூடும். பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

குழியில் பலமாக மோதிய அன்றே வேறு சில அடையாளங்களையும் பார்க்கலாம். நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்பக்கம் சற்றே சரிந்திருப்பதால் இலேசான இடப்பக்க இழுப்பு இயல்பு. அதற்கு மேல் இழுத்தால், முதலில் நான்கு டயர்களின் காற்றையும் அளந்து பாருங்கள். பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, இடப்பக்க முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை ஒரு கயிற்றால் அளவெடுங்கள். வலப்பக்கமும் அப்படியே செய்யுங்கள். இரண்டுக்கும் நன்றாகத் தெரியும்படி வித்தியாசம் இருந்தால், ஒரு சக்கரம் பின்னே தள்ளப்பட்டிருக்கலாம். லோவர் ஆர்ம் வளைந்திருக்கக்கூடும். இந்தச் சோதனைக்கு ஜேக் தேவையில்லை. வெறும் ஜேக் மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஒன்று வாய்க்காலில் இறங்கி அடிபட்டது. ஸ்டியரிங் கோணலாயிற்று. ஒரு பட்டறையில் டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிட்டார்கள். வண்டி நேராகத்தான் ஓடியது. நான்கே மாதத்தில் ஒரு டயரின் உள்விளிம்பில் கம்பி வெளியே தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது புதுசு போலவே இருந்தது! புது டயர் போட்டார்கள். அதுவும் அப்படியே ஆயிற்று. வளைந்த லோவர் ஆர்மை மாற்றிய பிறகே தேய்மானம் நின்றது. இரண்டு டயர் வாங்கிய பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை நாளும் அதில் பிள்ளைகள் அல்லவா பயணம் செய்தார்கள்!

இதன் காரணம் எளிது. டை ராடைத் திருகி டோவைத்தான் மாற்ற முடியும். சாதாரணக் கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருத்தத் தனியாகத் திருகாணி கிடையாது. அது பிசகியிருந்தால் ஏதோ ஒரு உறுப்பு வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. அதை மாற்றுவதே வழி.

ஆகவே வரிசையை மறக்காதீர்கள். முதலில் காற்று, இரண்டாவது, வளைந்ததையும் தளர்ந்ததையும் கண்டு மாற்றுவது, மூன்றாவது, கெட்ட டயரை மாற்றுவது, கடைசியில் அலைன்மெண்ட். திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளைத் தாளில் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். இடப்பக்க, வலப்பக்கக் கேம்பர் எண்கள் வெகுவாக வேறுபட்டால் காரணம் கேளுங்கள். தேய்ந்த டயரைப் பின்பக்கம் மாற்றிப் போட்டால் அடையாளம் மறையும், நோய் மறையாது.

மாதம் ஒருமுறை, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்து, முன் டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் தெரியும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. டயரின் எந்தப் பகுதியாவது அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. மழைச் சாலையில் பிறகு அதை நம்ப முடியாது. பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை.