உங்களுக்குத் தெரியுமா? கரன்ட் பட்டால் தண்ணீர் பல்டி அடிக்கும்!

தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு முனை உண்டு! ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னூட்டம். ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னூட்டம். ஹைட்ரஜன்கள் இரண்டும் விரிந்து நிற்கும் கோணம் 104.5 டிகிரி!

உப்பு கலந்த நீரில் வெள்ளியை வைத்து நேர்மின்னூட்டம் ஏற்றுங்கள். ஒட்டி நிற்கும் நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜனை வெள்ளிப் பக்கம் திருப்பும். எதிர்மின்னூட்டமாக மாற்றுங்கள். உடனே பல்டி! இப்போது ஹைட்ரஜன் வெள்ளியைப் பார்க்கும்! 1994-லேயே எக்ஸ் கதிர் பாய்ச்சி இதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். அதுமட்டுமா? முதல் வரிசை மட்டும் அல்ல, மூன்று அடுக்கு வரை மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன!

தங்கத்தின் மேல் கதையே வேறு! ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளில் ஏறத்தாழப் பாதி அப்படியே படுத்துக் கிடக்கின்றன! 2014-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சொன்ன சேதி இது.

காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வேண்டும். மின்னேற்றிய உலோகத்தை ஒட்டிய நீரிலோ, ஒரே ஒரு வோல்ட் ஒரு நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மீட்டர் கணக்கில் பார்த்தால் 100 கோடி வோல்ட்!

உலோகத்தில் ஒரு மின்னூட்டம், அதை ஒட்டிய நீரில் அதற்கு நேர்மாறான மின்னூட்டம் என இரட்டை மின்னடுக்கு நிற்கும் என்று ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது 1853-ல். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்ததோ 1897-ல்!

பாதரசமும் உலோகம்தானே! மெல்லிய குழாயில் பாதரசம், அதைத் தொட்டபடி அமிலம் கலந்த நீர். வோல்ட் மாறினால் பாதரசம் நகரும்! பிரான்ஸின் லிப்மன் இதை வைத்து ஒரு கருவியே செய்துவிட்டார். மனித இதயத்தின் மின்துடிப்பை லண்டனில் வாலர் முதன்முதலாகப் பதிவு செய்தது அந்தக் கருவியில்தான். ஆண்டு 1887! இன்றைய ஈ.சி.ஜி.க்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு சொட்டுப் பாதரசம்!

கடைசியாக ஒன்று. இது உலோகம் அல்ல, லித்தியம் டான்டலேட் என்ற படிகம். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை! சூடு ஏறி இறங்கினால் இதன் மேற்பரப்பில் மின்னூட்டம் மாறும். எதிர்மின்னூட்டம் இருந்தால், மைனஸ் 11 டிகிரியிலும் அதன் மேல் உள்ள நீர்த்துளி உறையாது! மெல்லச் சூடாக்கினார்கள். மேற்பரப்பு நேர்மின்னூட்டத்துக்கு மாறியது. மைனஸ் 8 டிகிரியில் துளி சட்டென்று பனிக்கட்டி! இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில், 2010-ல், சூடாக்கியதும் தண்ணீர் உறைந்தது!