திருத்தணிக்கு எலக்ட்ரிக் கார் சரிப்பட்டு வருமா?

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ அப்பா கேட்டார்: "இன்ஜினியரிங் படிக்கிறல்ல, எலக்ட்ரிக் கார் வாங்கலாமா, வேண்டாமா? நீயே சொல்லு." ரிட்டையர்மென்ட் பணம். தப்பாச் சொன்னா போனது போனதுதான். அதனால ஒரு வாரம் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

மலை ஏறுமா?

எங்க ஊர்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். முருகன் கோயிலுக்கு 365 படி இருந்தாலும், மேலே வரைக்கும் வண்டி போற ரோடும் இருக்கு. பிளஸ் டூவில் படிச்ச நிலை ஆற்றல் சூத்திரமே பதில் சொல்லிடும்: நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். ஆட்களோட சேர்த்து 1,400 கிலோ இருக்கிற கார் 100 மீட்டர் உயரம் ஏற 0.38 யூனிட் மின்சாரம் போதும். சமதளத்துல சுமார் 3 கிலோமீட்டர் ஓடுற செலவு, அவ்வளவுதான். திருமலைக்கே போனாலும் ஏற்றம் சுமார் 700 மீட்டர். மோட்டார் இழப்பையும் சேர்த்தா 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி அதுல ஒரு பங்கைத் திருப்பித் தரும்.

பேட்டரியை உண்மையில் சாப்பிடுறது வேகம். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும். 60-ல போற கார் 100-க்கு ஏறினா தடை 2.8 மடங்கு. அக்னி நட்சத்திரத்துல எங்க ஊர் வெயில் உங்களுக்கே தெரியும், நியூஸ்ல அடிக்கடி வருது. அப்போ ஏசி செலவும் சேரும்.

எவ்வளவு பேட்டரி வேணும்?

ஒரு கிலோமீட்டருக்கு 0.13 யூனிட்னு வைங்க. டியாகோ இவி-யின் பெரிய பேட்டரி 24 யூனிட். அதுல சுமார் 185 கிலோமீட்டர் போகலாம். அரக்கோணம், காஞ்சிபுரம் போய் வர இது தாராளம். சென்னைக்குப் போய் வந்தா சுமார் 170 கிலோமீட்டர், நெஞ்சு படபடக்கும். வாராவாரம் சென்னை போறவங்க நெக்ஸான் மாதிரி 45 யூனிட் பேட்டரியைப் பாருங்க. வருஷத்துல நாலு தடவைதான் போவீங்கன்னா, வழியில ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும். அதுக்காக லட்சக்கணக்கில் அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

சலுகை என்ன?

"மத்திய அரசு மானியம் தருதாமே?" என்பது பெரிய குழப்பம். 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்துல சொந்த உபயோகக் கார்களுக்கு மானியம் கிடையாது. ஜிஎஸ்டி மட்டும் 5 சதவீதம். தமிழ்நாட்டில் பெரிய லாபம் சாலை வரிதான். 2023 நவம்பரில் உயர்ந்த விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். எலக்ட்ரிக் வண்டிக்கு 2023 கொள்கை இதை முழுசா விலக்கி, 2025 டிசம்பர் 31 வரைன்னு தேதியும் போட்டது. இந்த மாதிரி சலுகைக்குக் காலாவதி தேதி உண்டு. அதனால புக்கிங் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, விலக்கு ஆணை நடப்பில் இருக்கான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க.

எல்லை ஊர்ங்கிறதால இன்னொண்ணு. நகரியில இருக்கிற சொந்தக்காரங்க அட்ரஸ்ல பதிவு பண்ணலாமான்னு யோசிக்காதீங்க. வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தா மறுபதிவு பண்ணணும். அப்போ இந்த மாநில வரி விதிதான்.

கரண்ட் பில்

ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுற வீடுன்னு எடுத்துக்கலாம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினா, சார்ஜிங் இழப்போட ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் கூடும். ஆனா 500 தாண்டினதும் யூனிட் 8 ரூபாய்க்கு மேல, 600 தாண்டினா 9 ரூபாய்க்கு மேல. ஆக கூடுதல் பில் சுமார் 2,700 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.35. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ்னா கிலோமீட்டருக்கு 6.70. மிச்சம் 5 ரூபாய்க்கு மேல.

வீட்டுல 15 ஆம்ப் பிளக்குக்குத் தனி வயரும் நல்ல எர்த்திங்கும் வேணும். ஈ.பி. ஆபீஸ்ல அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவுன்னு பாருங்க. வாடகை வீடுன்னா, ஹவுஸ் ஓனர் சரின்னு சொன்ன பிறகுதான் ஷோரூம் பக்கமே போகணும்.

கடைசிக் கணக்கு

பெட்ரோல் கார் 9 லட்சம், எலக்ட்ரிக் 12 லட்சம்னு வைங்க. வரி விலக்கு இருந்தா 3 லட்ச வித்தியாசம் சுமார் 1.8 லட்சமா குறையும். எதிர்வீட்டு அண்ணன் வேலைக்கு தினமும் காஞ்சிபுரம் போய் வர்றார், மாசம் 2,000 கிலோமீட்டர். அவருக்கு ஒன்றரை வருஷத்துல அந்தப் பணம் திரும்பிடும். அப்பாவோட பழைய காரில் ஒரு மாசம் ஓடோமீட்டரைக் குறிச்சு வெச்சோம்: 380 கிலோமீட்டர். அவருக்கு ஏழு வருஷத்துக்கு மேல ஆகும்.

"அப்போ மலை பிரச்னை இல்லையா?" என்றார் அப்பா. "இல்லப்பா, நீங்க போதுமான அளவு ஓட்டாததுதான் பிரச்னை" என்றேன். சிரிச்சுட்டு, பழைய காரையே சர்வீஸுக்கு விட்டார். பணம் பேங்க்ல இருக்கு. அண்ணன் மட்டும் பச்சை நம்பர் பிளேட்டோட போறார்.

உங்க வீட்டுலயும் இந்தக் கேள்வி வந்தா, முதல்ல ஒரு மாசம் ஓடோமீட்டரைக் குறிச்சு வைங்க. கம்பெனி விளம்பரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.