சிரிப்பில் தோற்ற பாட்டு வாத்தியார்

1968இல் வெளிவந்த இந்தி நகைச்சுவைப் படம் 'படோசன்'. அதில் மெஹ்மூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளை, சங்கீதம் கற்றவர். ஆனாலும் இரவல் குரலுக்கு வாயசைக்கும் கதாநாயகனிடம் பாட்டுப் போட்டியில் தோற்கிறார். அவருடைய குடுமியும் உச்சரிப்பும் கேலிப்பொருளாகின்றன. வெறும் வேடிக்கைதானே, மெஹ்மூத்தின் நடிப்பு அபாரமாயிற்றே என்பார்கள். நடிப்பு அபாரம்தான். ஆனால் 1966இல் தொடங்கிய சிவசேனா கட்சி, பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக முழங்கிய காலம் அது. அந்நகரின் மாட்டுங்கா வட்டாரத்துச் சண்முகானந்தா சபாவின் கர்நாடக இசையையும், தாராவித் தோல் பதனிடும் தொழிலில் தமிழர் சிந்திய வியர்வையையும் அறியாத ரசிகர்களுக்கு அந்தக் கேலிச்சித்திரமே நம் முகமாகிவிடும். மாறாக, 2018இல் 'காலா' திரைப்படம் தாராவித் தமிழரை நில உரிமைக்குப் போராடுபவர்களாகக் காட்டியது. எந்தச் சமூகத்தையும் வைத்துச் சிரிக்கலாம். அதன் உழைப்புக்கும் அறிவுக்கும் திரையில் இடமிருந்தால்தான் அந்தச் சிரிப்பு நியாயமானது.