மஞ்சள் இறங்கினால் போதுமா?



தோட்டத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் நாம் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் மூணு நாள். புளி, எண்ணெய் கூடாது. கண் வெளுத்ததும் “இறங்கிருச்சு” என்று பெரட்டுக்குப் போய் நிற்பார்கள்.

இறங்கியது மஞ்சள். கிருமி இறங்கியதா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

கீழாநெல்லியை நாம் கேலி செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் தியாகராஜனும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளும்பர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். நம்ம ஊர்ப் பச்சிலைக்கு எவ்வளவு மரியாதை! ஆனால் பிறகு தாய்லாந்து முதலிய நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலையில் பல வகை தானாகவே ஆறிவிடும். பேர் மட்டும் பச்சிலைக்கு.

ஆறாத வகை ஒன்று உண்டு. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஹெப்படைட்டிஸ் பி தொற்றிய பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கண் மஞ்சளாகாது, வலிக்காது. மரம் வெட்டலாம், குலை தூக்கலாம். நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று வயிறு வீங்கும், உடம்பு இளைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈரலில் புற்று என்பார்கள். 1981-ல் தைவானில் 22,707 ஆண்களை வைத்துக் கணக்கெடுத்த ஆய்வு, கிருமி தங்கியவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருநூறு மடங்குக்கு மேல் என்று காட்டியது. சம்சு தொடாதவருக்கும் வரும்; தொட்டால் இன்னும் கேடு.

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இதற்கான ஊசி போடத் தொடங்கியது 1989-ல். அதற்கு முன் பிறந்தவர்கள்? தோட்டம் துண்டாடப்பட்டு சுங்கை பட்டாணி தாமானுக்குக் குடிபோனவர்களும் சேர்த்தி. தோட்டம் போனாலும் ரத்தம் அதே ரத்தம்தானே!

கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு பால்மரத் தோழர் எழுந்தார். “பேப்பர்ல பேரு வந்துட்டா வேலைய எடுத்துடுவானுங்க தலைவரே. வீட்டுல தட்டையும் தனியா வச்சிடுவாளுங்க” என்றார். நியாயமான பயம். ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது. ரத்தத்தால், தாம்பத்திய உறவால், பிறருடைய சவர பிளேடால் ஒட்டும். கிருமி இருந்தால் மனைவி மக்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் ரத்தம் பார்த்து, இல்லாதவர்களுக்கு ஊசி போட்டுவிடலாம். வேலையைப் பொறுத்தவரை, டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சட்டத்திலேயே உண்டு. யாராவது தகராறு செய்தால் நம்மிடம் வாருங்கள்.

கிருமி தங்கியவர்கள் எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. டாக்டர் முடிவு செய்வார். தேவைப்பட்டவர் தினம் ஒன்று விடாமல் சாப்பிட்டால் புற்று அபாயம் குறையும். ஆண்கள் 40 வயதிலிருந்தும், பெண்கள் 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கொரு தடவை ஈரலை ஸ்கேன் பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஈரல் புற்று வந்திருந்தால் அதற்கு முன்பே. சின்னக் கட்டியாக இருக்கும்போது கண்டால் அறுத்து எடுக்க வழியுண்டு.

சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். ரத்தம் கொடுக்கும்போது “ஹெப்படைட்டிஸ் பி” என்று பேரைச் சொல்லியே கேளுங்கள். “ரத்தம் எடுத்தாச்சு” என்றால் அது இனிப்பு நீருக்கு எடுத்ததாகவும் இருக்கலாம்.