சீனி பார்க்கும் மீற்றரில் காய்ச்சலைக் கண்டுபிடிக்கலாமா?

பசறை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் காய்ச்சல் வந்தால், அன்றைக்குப் பேர் விழாதே, நாட்சம்பளம் போய்விடுமே என்பதுதான் முதல் கவலை. என்ன காய்ச்சல் என்பது பிறகுதான் தெரியும். இன்புளுவென்சா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றுமே சூட்டோடும் உடம்பு வலியோடும்தான் தொடங்குகின்றன.

இன்புளுவென்சாவுக்கு நாள் கடத்தக் கூடாது. ஒசெல்டாமிவிர் மருந்தை அறிகுறி தொடங்கிய 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் முழுப்பலன். விரைவு அன்டிஜன் சோதனை சில நிமிடங்களில் முடிந்தாலும் நோயாளிகள் பலரைத் தவறவிடுகிறது. பி.சி.ஆர். நம்பகமானது, அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். தேசிய இன்புளுவென்சா மையமான மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதோ கொழும்பில். பதுளையிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அதிகமான பாதை. நாட்டில் இந்நோய் வழக்கமாகக் கூடும் இரு பருவங்களில் ஒன்றான நவம்பர் – ஜனவரி, ஊவாவில் மழையும் மண்சரிவுமான காலம்.

மின்னிரசாயன உயிருணரி குறைக்கப் பார்ப்பது இந்தத் தாமதத்தைத்தான். காபன் அல்லது தங்க மின்வாயின் மேல் வைரஸைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைப் பதிக்கிறார்கள். சளி மாதிரியிலுள்ள வைரஸ் அதில் ஒட்டியதும் மின்வாயில் மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சிறு கருவி அளந்து சொல்கிறது. சீனி வியாதிக்காரர் பாவிக்கும் குளுக்கோஸ் மீற்றரும் இதே குடும்பம்தான்.

அந்த மீற்றரையே இன்புளுவென்சாவுக்குப் பயன்படுத்தும் வழியை அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூரி ஐயர் குழுவினர் 2015இல் வெளியிட்டனர். புதிதாக உருவான வைரஸ், உயிரணுவை விட்டு விடுபட நியூராமினிடேஸ் என்ற நொதியைக் கத்தரிக்கோல்போலப் பயன்படுத்தி சியாலிக் அமிலத்தை வெட்டுகிறது. அந்த அமிலத்தோடு குளுக்கோஸை இணைத்து மாதிரியில் சேர்த்தால், வைரஸ் வெட்டும்போது குளுக்கோஸ் வெளிவரும். மீற்றர் அதை எண்ணாகக் காட்டும். கூடவே மருந்தையும் சேர்த்துப் பார்க்கலாம். குளுக்கோஸ் வெளிவராவிட்டால் மருந்து இந்த வைரஸைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள்.

ஆனால் நியூமோனியா உண்டாக்கும் சில பக்டீரியாக்களிடமும் இத்தகைய நொதி உண்டு. எனவே வைரஸ் மட்டுமே வெட்டக்கூடியதாக மூலக்கூறை மாற்றியமைக்க வேண்டும். சளியிலுள்ள புரதங்கள் மின்வாயில் படிந்து அளவைக் குழப்பலாம். வைரஸ் உருமாறினால் பழைய பிறபொருளெதிரி பற்றாமல் போகலாம். சோதனைப் பட்டிகளை மலைநாட்டு ஈரத்திலிருந்தும் காக்க வேண்டும். இவற்றைத் தாண்டினால்தான் ஆய்வுகூடத்தில் வென்றது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்துசேரும்.

அதுவரை கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், சீனி வியாதியோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் காய்ச்சலோடு லயத்தில் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறினால் யாராயினும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவருக்குச் சோதனை முடிவு வரும் முன்பே மருத்துவர் மருந்து தொடங்கலாம். நாளை கருவி வந்தாலும், அதே டிஸ்பென்சரியில் மருந்தும் இருந்தால்தான் மிச்சமான மணித்தியாலங்கள் நோயாளிக்கு உதவும்.